தழும்பு அழிக்காத படங்கள்

செப்டம்பர் 3, புதன்

காலையில் போன மின்சாரம் மதியம்தான் வந்தது. அதுவரை பூசணிக் கீரை நறுக்கிப் படம் எடுத்தேன். இடது கையில் கீரைக் கட்டு, வலது கையில் கத்தி. காமிராவை முக்காலியில் நிறுத்தி, டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து உட்கார வேண்டும். ஒரு படத்தில் மபாலோவின் கால் வந்து விழுந்துவிட்டது.

"என் காலையும் விப்பியாம்மா?"

"கால் போகாதுடி. கைதான் போகும்."

ஏழு வயசு. அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், கையை விற்கிறாள் என்று சொல்லி வைக்கிறாள்.

படம் எடுப்பது கால் பங்கு வேலை. மீதி முழுக்கச் சொல் தேடுவதுதான். உலகத்தில் எங்கோ ஒருத்தர் ஒரு விளம்பரத்துக்காகத் தேடும்போது என் படம் அவர் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் குறிச்சொற்கள். ஒரு படத்துக்கு ஐம்பது வரை போடலாம், முதலில் வருகிற சிலதுதான் வேலை செய்யும். கீரை, கை, கத்தி, பெண், சமையல். பிறகு கண்ணுக்குத் தெரியாதவை: வீடு, உழைப்பு, அக்கறை. படத்தில் இல்லாததைப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படம் விற்கிற தளத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு மெருகு போட்ட தோல் சலித்துவிட்டதாம். நிஜமான உடம்பு கேட்கிறார்களாம். சுருக்கம், பிரசவக் கோடு, தழும்பு.

தழும்பு என்னிடம் இருக்கிறது. இடது புறங்கையில், இலை நுனி மாதிரி. ஒவ்வொரு படத்திலும் பக்கத்துத் தோலை எடுத்து அதன் மேல் ஒட்டி அழித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். மூன்று வருஷப் பழக்கம். வடக்கே சுரங்க ஊரான கிட்வேயை விட்டு, தெற்கு எல்லையில் இந்த லிவிங்ஸ்டனுக்கு வந்ததிலிருந்து.

செப்டம்பர் 6, சனி

ஏற்றிவிட்டேன். அழிக்காமல்.

மாவு பிசையும் கை, தேநீர்க் கோப்பையைப் பிடித்த கை, ஜன்னல் கம்பியில் வைத்த கை. குறிச்சொற்கள்: இடது கை, தழும்பு, தீக்காயம், ஆறிய காயம், தோல், பெண். 'வன்முறை' என்று தட்டச்சு செய்து அழித்தேன். 'தைரியம்' என்று போட்டேன். அதையும் அழித்தேன். இல்லாததைப் போடக் கூடாது.

பயம் ஒன்றும் இல்லை. தளத்தில் என் பெயர் பூபே இல்லை, வேறு. முகம் எந்தப் படத்திலும் இல்லை. கைக்கு யார் முகவரி கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

செப்டம்பர் 15, திங்கள்

ஓடுகின்றன. தழும்புப் படங்கள்தான் இந்த மாதம் எல்லாவற்றையும் விட ஓடுகின்றன. மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன போல. இப்படியே போனால் நான்காம் படிக்கு ஏறிவிடலாம். எத்தனை படம் விற்கிறதோ அதற்கேற்பப் படி, படிக்கு ஏற்ற ராயல்டி. வருஷம் பிறந்தால் எல்லோரையும் மறுபடி முதல் படியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள், அது வேறு கதை. மூன்றாம் படிக்கு மேல் நான் போனதே இல்லை.

வாடகை வீட்டுக்காரி இனோங்கேயிடம், தழும்பைச் சொல்லாமல், கைப் படங்கள் ஓடுவதை மட்டும் சொன்னேன். மூத்த மகன் பெயரைச் சேர்த்து லுபாசியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். கரண்டியால் என் கையைக் காட்டிச் சிரித்தாள்.

"உன் கை மட்டும் ஊர் ஊரா சுத்துது. நீ சந்தையைத் தாண்ட மாட்டேங்குற."

செப்டம்பர் 29, திங்கள்

கணக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் உண்டு. எங்கெல்லாம் படம் விற்றதோ அங்கெல்லாம் ஒரு நீலப் புள்ளி. எப்போதும் ஜெர்மனி, அமெரிக்கா, சில நாள் நைரோபி.

இன்று கிட்வேயில் ஒரு புள்ளி.

பெரிய ஊர்தானே. சுரங்கக் கம்பெனிகள் இருக்கின்றன, அச்சகங்கள் இருக்கின்றன. யாராவது வாங்கியிருக்கலாம். யாராவது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேநீர் போட்டேன். குடிக்க மறந்துவிட்டேன்.

பிறகு, வாங்கியவர் என்ன சொல்லைத் தேடி அந்தப் படத்துக்கு வந்தார் என்று பார்த்தேன். அதையும் தளம் காட்டும், எந்தச் சொல் வேலை செய்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்ள.

'பெண் இடது கை இஸ்திரிப் பெட்டி சூடு.'

இஸ்திரிப் பெட்டி என்று நான் எந்தப் படத்திலும் போடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒருவேளை தழும்பைப் பார்த்தாலே தெரியுமோ. படத்தை லுபாசியம்மாவிடம் காட்டினேன். என் கை என்று சொல்லவில்லை.

"இது எதுல சுட்டதுன்னு நினைக்கிறீங்க?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எண்ணெய் தெறிச்சிருக்கும். இல்ல, பானை விளிம்பு." பிறகு என் கையைப் பார்த்தாள். நான் எப்போதும் போல் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். அவள் அடுத்த உருண்டையைத் திருப்பிப் போட்டாள்.

பார்த்தால் தெரியாது. தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் ஒருத்தர்தான்.

அக்டோபர் 2, வியாழன்

மபாலோ அப்பாவின் பெயரைக்கூட இதுவரை இந்த நோட்டில் எழுதினதில்லை. கத்தோங்கோ. எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

கத்தோங்கோ சுரங்கத்தில் மின் வேலை பார்க்கிறான். தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசை. அவன் சட்டையை அவன்தான் தேய்ப்பான், யாரையும் தொட விடமாட்டான். காலர், கை மடிப்பு, பொத்தான் வரிசை, எல்லாம் அவ்வளவு பொறுமை. அன்றும் தேய்த்துக்கொண்டேதான், நான் என் தங்கைக்குப் போன் செய்தது பற்றிக் கேட்டான். பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே என் கையை மேஜையில் வைத்தான். குரல் உயரவில்லை. சட்டையின் மீதியைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் மருந்து எடுத்து வந்தான்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். மூணு வருஷத்துல கத்துக்கிட்டிருந்தா? யாரையாவது விட்டுத் தேடச் சொன்னா?

அக்டோபர் 6, திங்கள்

கிட்வேயில் மறுபடி. இந்த முறை கை இல்லை.

எங்கள் ஜன்னல். மராம்பா சந்தையின் தக்காளி வரிசை. வீட்டுக்குப் பின்னால் போகிற தண்டவாளம். கொடியில் காயும் மபாலோவின் பள்ளிச் சீருடை.

ஒவ்வொன்றாக, ஒரே மதியத்தில். யாரோ என் படங்களைப் புரட்டிக்கொண்டு என் தெருவில் நடந்து வருகிற மாதிரி.

நான் போட்ட குறிச்சொற்களைத் திறந்து படித்தேன். லிவிங்ஸ்டன். மராம்பா. சந்தை. ரயில் பாதை. ஊர்ப்பெயர் போட்டால் நன்றாக விற்கும் என்று எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். சீருடைக்கு நிறம்கூடச் சரியாக எழுதியிருக்கிறேன், காப்பிக்கொட்டைப் பழுப்பு, வெள்ளை ஓரம். இந்த ஊரில் அந்தச் சீருடை ஒரு பள்ளியில்தான்.

நானே வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐம்பது சொல்லில்.

இந்த டவுன்லோடுகளால் நான்காம் படிக்கு ஏறிவிட்டேன். வாழ்த்துச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. பட்டாசு வெடிக்கிற படம் போட்டு.

அக்டோபர் 7, செவ்வாய்

தெரு தெரியும் படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஊர்ப்பெயர்களை அழித்தேன். ஆனால் விற்றது விற்றதுதான், அது வாங்கியவர் கையில் இருக்கும். எதையும் திருப்பி வாங்க முடியாது.

பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். என்னையும் லுபாசியம்மாவையும் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்றேன். "அப்பான்னு சொல்லிக்கிட்டு வந்தா?" என்று கேட்டார். "முக்கியமா அப்பான்னு சொல்லிக்கிட்டு வந்தா" என்றேன்.

வழியில் மபாலோ கேட்டாள். "நாம ஒளிஞ்சு விளையாடுறோமாம்மா?"

"ஆமா."

"யாரு தேடுறது?"

பேச்சை மாற்றினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டாயிற்று.

காவல் நிலையத்தில் பெண்கள் விவகாரம் பார்க்கிற அதிகாரி இருக்கிறார். நலுகுய் என்று பெயர், என் வயசுதான் இருக்கும். முழுக்கக் கேட்டார். "புள்ளி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பூபே, உங்க கையைப் பத்தி அப்பவே புகார் குடுத்தீங்களா?"

"இல்லை."

"பார்த்தவங்க யாராவது?"

"இல்லை."

"ஆஸ்பத்திரிச் சீட்டு?"

எண்ணெய் தெறித்தது என்று சொல்லி மருந்து வாங்கினதை அவரிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டார், ஆனால் என் மேல் கோபப்படவில்லை. தன் சொந்தப் போன் நம்பரைத் தந்தார். "தெருவில நிழல் தெரிஞ்சாலும் கூப்பிடுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

லுபாசியம்மாவுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுடைய தம்பி செஷெகேயில் இருக்கிறான், ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு. "பெட்டியைக் கட்டுன்னா கட்டு, நான் கேள்வி கேக்க மாட்டேன்" என்றாள். இன்னும் எத்தனை ஊருக்கு ஓடுவது. மபாலோ இப்போதுதான் இந்த ஊர்ப் பாஷையில் சண்டை போடக் கற்றிருக்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு வாரமாகக் கிட்வேயில் ஒன்றும் இல்லை. புள்ளி வந்தபோது அவன் அங்கே இருக்கிறான் என்றாவது தெரிந்தது. இப்போ எங்க இருக்கான்?

அக்டோபர் 17, வெள்ளி

எழுத்துக் கோணுகிறது.

கிட்வேயிலிருந்து ஒரு டவுன்லோட். தேடிய சொல் என்ற இடத்தில், எங்கள் பெம்பா மொழியில் எழுதியிருக்கிறது:

'பூபே பயப்படாதீங்க நான் அவர் இல்லை.'

லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு வாசலுக்கு ஓடினேன். லுபாசியம்மா பொரித்துக்கொண்டிருந்தாள். சும்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. எழுந்திருக்கவில்லை.

என் பெயர் தெரிந்திருக்கிறது. தளத்தில் இல்லாத பெயர்.

அக்டோபர் 18, சனி

'நான் அவர் இல்லை' என்று யார் சொல்வார்கள்? அவன்தான் சொல்வான். அன்றைக்கு மருந்து போட்டுக்கொண்டே, "நான் அப்படிப்பட்டவன் இல்ல" என்று சொன்னவன்தானே.

ஆனால் 'பயப்படாதீங்க' என்று மரியாதையாக எழுதியிருக்கிறது. அவன் வாயில் எனக்கு அந்த மரியாதை வந்ததே இல்லை. யாரிடமாவது எழுதச் சொல்லியிருப்பானா? அப்படி என்றால் எழுதினவருக்கும் நான் இருக்கிற இடம் தெரியும்.

போலீஸ்காரம்மாவைக் கூப்பிட்டேன். "பதில் சொல்லாதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. யாருன்னு கேளுங்க."

எப்படிக் கேட்பது? தளத்தில் என் பெயருக்குக் கீழே மின்னஞ்சல் முகவரி ஒன்று போடலாம். கை வரவில்லை. முகவரி என்றாலே கதவு மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் தேடும் பெட்டியில் பேசுகிறார். நான் படத்தில்தான் பேச முடியும்.

அக்டோபர் 22, புதன்

மபாலோவின் சிலேட்டில் எங்கள் மொழியில் 'யார் நீ' என்று சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். படத்தில் உள்ள வாசகத்துக்கு மொழிபெயர்ப்பு தரவில்லையாம்.

உயிர் போகிற நேரத்தில் அதற்கும் ஒரு விதி இருக்கிறது. மொழிபெயர்ப்பு எழுதி மறுபடி அனுப்பினேன். குறிச்சொற்கள்: சிலேட்டு, கேள்வி, சாக்பீஸ், பள்ளி, யார்.

அக்டோபர் 24, வெள்ளி

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. மபாலோ அணிவகுப்பில் நடந்தாள், நான் கூட்டத்தில் ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடந்ததைப் பார்க்கவில்லை. "நான் கையசைச்சேன், நீ பாக்கவே இல்ல" என்று அழுதாள்.

சிலேட்டுப் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

பதில். சிலேட்டுப் படத்தையே வாங்கியிருக்கிறார். தேடிய சொற்கள்:

'முத்தாலே. இப்போ அவர் மனைவி. உதவி பண்ணுங்க.'

பிள்ளை பெற்றவள் மாதிரி உடம்பெல்லாம் வலிக்கிறது. அவன் மறுபடி கல்யாணம் செய்திருப்பான் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

லுபாசியம்மா சொன்னாள்: "அவ பாவம்தான். ஆனா அவ வந்தா, அவ பின்னால அவன் வருவான். பாத்துக்க."

அவன் பக்கத்தில் நின்று எழுத வைத்தால்?

அக்டோபர் 30, வியாழன்

நான் ஒன்றும் அனுப்பவில்லை. அவளே இன்னொன்று எழுதியிருக்கிறாள். எனக்குச் சந்தேகம் இருக்கும் என்று புரிந்திருக்கிறது.

'சட்டை தேய்க்கும்போது அவர் மெல்லப் பாடுவார். அந்தப் பாட்டுக் கேட்டாலே நான் கையைத் துணிக்குள் ஒளித்துக்கொள்வேன்.'

இதை வாசித்துவிட்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் பாடுவான். தேவாலயப் பாட்டு, வாய்க்குள், ராகம் மட்டும். தான் பாடுகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. ஒருமுறை நான் சொன்னபோது, நான் எங்கே பாடினேன் என்று முறைத்தான். அதற்குப் பயப்பட வேண்டும் என்பது, அந்த வீட்டில் பெண்ணாக இருந்தால்தான் தெரியும். அவன் சொல்லி எழுத வைக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள்.

நவம்பர் 3, திங்கள்

லிவிங்ஸ்டனுக்கு வா என்று சொல்லப் போவதில்லை. அவளுக்கு ஊர் தெரிந்திருந்தாலும் என் வாயால் சொல்ல மாட்டேன். லூசாகா. நடுவில் இருக்கிறது, கூட்டம் உள்ள ஊர்.

செய்திப் படம் என்று ஒரு வகை உண்டு. அதற்குத் தலைப்பின் முதலிலேயே ஊரும் தேதியும் போட்டாக வேண்டும். விதி. போன வருஷம் எடுத்த பேருந்து நிலையப் படம் இருந்தது. தலைப்பு எழுதினேன்: 'லூசாகா, நவம்பர் 8. நண்பகலில் தென்பகுதிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்கள்.'

இன்னும் வராத தேதி. பரிசோதிப்பவர் கவனித்தால் போச்சு.

நவம்பர் 5, புதன்

கவனிக்கவில்லை. படம் ஏறிவிட்டது. மதியத்துக்குள் கிட்வேயில் விற்றும்விட்டது. உடனே எடுத்துவிட்டேன். தேடிய சொல் ஒன்றே ஒன்றுதான்: 'சரி.'

நவம்பர் 7, வெள்ளி

மபாலோவை அதிகாரி நலுகுய் வீட்டில் விட்டிருக்கிறேன். லுபாசியம்மா சட்டியைக் கவிழ்த்துவிட்டு என்னோடு வருகிறாள். "ஒரு நாள் உருண்டை விக்கலைன்னா ஊர் பட்டினி கிடக்காது" என்றாள். நாளை விடியும் முன் பேருந்து. அவன் வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். கையைத் துணியில் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத வேண்டும், மறந்துவிடுவேன் என்பதால் இல்லை. எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன்.

லூசாகா நிலையத்தில் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். தென்பகுதிப் பேருந்து நிற்கிற இடம் அங்கிருந்து தெரியும். வடக்கிலிருந்து ஒவ்வொரு பேருந்து வரும்போதும் என் கால் தானாக ஆடியது. லுபாசியம்மா மேஜைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒருமுறை வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவன் இறங்கினான். அதே தோள். அதே கழுத்து. நான் எழுந்தே விட்டேன். அவன் திரும்பினான், வேறு முகம்.

நண்பகல் தாண்டியது. "வர மாட்டா" என்றேன். "உக்காரு" என்றாள் லுபாசியம்மா.

பிறகு ஒரு பெண். முதுகில் சித்தெங்கே துணியில் கட்டிய குழந்தை, கையில் பிளாஸ்டிக் கூடை. கடைக்குப் போகிறவள் மாதிரித்தான் வந்திருந்தாள், பெட்டி இல்லை, ஒன்றுமில்லை. காத்திருந்த பெண்கள் நடுவில் போய் நின்று எல்லோருடைய கையையும் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அவள் அங்கே நின்றுகொண்டே இருக்கிறாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் உள்ள கூட்டத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.

யாரும் வரவில்லை.

கிட்டே போய் இடது கையைத் துணியிலிருந்து எடுத்தேன். பார்த்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுதான் இருக்கும்.

"அக்கா, பாப்பாவுக்குப் பால் குடுக்கணும். எங்க உக்காரலாம்?"

அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

முத்தாலேயையும் கூட்டிக்கொண்டு திரும்பும் பேருந்தில், லுபாசியம்மா நடு வழியில் எழுந்து நின்று, பின்னால் வருகிற கார்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அம்மா, உக்காருங்க, கம்பியில இடிச்சுக்குவீங்க" என்றான் கண்டக்டர். "என் தலை, என் இடி" என்றாள்.

நவம்பர் 15, சனி

முத்தாலே கிட்வேயில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவள். பத்திரிகை, பேனர், காலண்டர் எல்லாம் அவள்தான் வடிவமைப்பாள். அச்சகம் எங்கள் தளத்தில் சந்தா கட்டியிருக்கிறது. ஒரு மாவுக் கம்பெனி காலண்டருக்குக் கைப் படம் தேடும்போது என் கை வந்திருக்கிறது.

"முன்னால இருந்த பூபே இடது கையில என் முத்திரை இருக்கு, உனக்கும் வேணுமான்னு கேப்பாரு. இஸ்திரிப் பெட்டியைக் காட்டிக் கேப்பாரு. படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா."

இஸ்திரிப் பெட்டி என்று அவள் தேடிப் பார்த்தது, இன்னும் வேறு படம் இருக்கிறதா என்று பார்க்க. சந்தையையும் சீருடையையும் வாங்கியது, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள. முதலாளி அந்தத் தளத்திலேயே அருவிப் படங்கள் விற்கிறவர், வாங்குகிறவர் தேடும் சொல் விற்கிறவருக்குத் தெரியும் என்று அவர்தான் ஒருநாள் காட்டியிருக்கிறார்.

"என் போனை தினமும் பாப்பாரு. கடைக்கு வந்து மெயிலைக்கூடத் திறக்கச் சொல்லுவாரு. தேடுற பெட்டியை யாருக்கா பாக்கப் போறா?"

"எனக்கு எவ்வளவு பயமா இருந்தது தெரியுமா?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

"தெரியும்க்கா. எனக்கு வேற வழி தெரியல."

அவள் முன்கையில், சட்டைக் கைக்குள், கட்டு இருக்கிறது. இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 24, திங்கள்

அச்சக முதலாளி வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். கத்தோங்கோ முந்தாநாள் கடைக்கு வந்திருக்கிறான். கத்தவில்லை, உடைக்கவில்லை. உட்கார்ந்து தேநீர்கூட வாங்கிக் குடித்தானாம். எழுந்து போகும்போது சுவரில் மாட்டியிருந்த மாவுக் கம்பெனி காலண்டரின் முன் நின்றிருக்கிறான். நிறைய நேரம். பிறகு, "இதை எடுத்துக்கலாமா?" என்று கேட்டுச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறான்.

அதில் இருப்பது என் கை. மாவு பிசைகிற கை.

முத்தாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் நின்றுவிட்டாள். நானும் எழுந்து இரண்டு தாழ்ப்பாளையும் பார்த்தேன். வெயில் கொளுத்துகிறது, பட்டப்பகல், நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறோம். ரெண்டு பேர் சேர்ந்தா பயம் பாதியாகும்னு நெனச்சேன். ஆகல. அவ பயத்தையும் சேத்துப் பயப்படறேன்.

நவம்பர் 26, புதன்

அதிகாரி நலுகுய் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாக்குமூலத்தையும் தனித்தனியாக எழுதினார். முத்தாலேயிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, உண்மையைச் சொல்லி வாங்கினது. எழுதி முடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொன்னீங்களா?"

"இல்லை."

"மேஜையில கையை வச்சது, சட்டையை முடிச்சுட்டு மருந்து எடுக்கப் போனது. வார்த்தை மாறாம இருக்கு." பேனாவை மூடினார். "இது நிக்கும். ஆனா வழக்கு கிட்வேயிலதான் நடக்கும். நீங்க அங்க வரணும்."

அவன் எங்களைத் தேடி வருவதற்கு முன் நாங்கள் அவனைத் தேடிப் போக வேண்டும் என்கிறார். முத்தாலே என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். வாந்தி எடுத்தேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

டிசம்பர் 11, வியாழன்

அவனைப் பிடித்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. தாளில் எழுதிய உத்தரவு. மழை ஆரம்பித்துவிட்டது, தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் வாசலில் யார் வந்தாலும் கேட்காது.

முத்தாலே நன்றாகக் குறிச்சொல் போடுகிறாள். வாங்குகிற பக்கம் இருந்தவள் இல்லையா. "அக்கா, 'அக்கறை'ன்னு யாரும் தேடுறதில்ல. 'ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு'ன்னு போடுங்க" என்கிறாள். ஊர்ப்பெயர் மட்டும் இப்போது யாரும் போடுவதில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கோழி. சோள மாவுக் களி, நிஷிமா. முத்தாலேயின் குழந்தை மும்பாவை மபாலோ தம்பி என்று எல்லோரிடமும் சொல்கிறாள். கணக்குப் பார்த்தால் அது உண்மைதான். பொழுது சாயும்வரை நான் பயத்தை நினைக்கவே இல்லை. சாய்ந்ததும் நினைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கிட்வே.

மபாலோவை அதிகாரி நலுகுய் வீட்டில் விட்டுவிட்டு, நேற்று மாலை வந்து இறங்கினோம். தங்கை வீட்டில் படுத்தோம், தூங்கவில்லை. காலையில் நீதிமன்றத்துக்கு நடக்கும்போது, தெரு திரும்பும் ஒவ்வொரு முனையிலும் முத்தாலே நின்றாள். நானும் நின்றேன். பின்னால் லுபாசியம்மா, "நடங்கடி, நடங்க" என்று மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அவன் முன்னமே வந்திருந்தான். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், வக்கீலோடு. வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தான். பழைய சிரிப்பு, தேவாலய வாசலில் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பானே, அது. முத்தாலேயின் விரல்கள் என் கைக்குள் இருந்தன.

"அவன் சிரிக்கிறான்க்கா" என்றாள். இதுவரை அவள் அவனை 'அவர்' என்றுதான் சொல்லுவாள்.

"சிரிக்கட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் வழக்கைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. அப்போது ஒரு பெண் தாழ்வாரத்தில் வந்தாள். நாற்பது தாண்டிய வயசு. தேவாலயப் பெண்கள் சங்கத்துச் சீருடை, நரைத்த முடி, கையில் குடை. மழை சொட்டிக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

"கத்தோங்கோ மேல கேஸ் போட்டது நீங்கதானா?"

நான் எழுந்துவிட்டேன். அவன் வீட்டு ஆள், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சங்கத்துல பேசிக்கிட்டாங்க" என்றாள். "ரெண்டு பொண்ணுங்க வந்திருக்காங்கன்னு." தாழ்வாரத்தின் கோடியை ஒருமுறை பார்த்தாள். அங்கே அவன் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள், குடையைப் பிடித்த கை இறுகியது. "எம் பேரு காப்வே. உங்களுக்கெல்லாம் முன்னால நான்."

என்னைத்தான் அவன் முதலில் கட்டினான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. படி ஏறி வந்ததால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் எங்கயும் சொன்னதில்ல" என்றாள். "யாருகிட்ட சொல்லணும், எங்க உக்காரணும், எனக்கு ஒண்ணும் தெரியாது."

முத்தாலே குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். லுபாசியம்மா கூடையைத் தரையில் இறக்கினாள். நாங்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டோம்.